கேரவன் போன கோடு

அத்தியாயம் 11

“என் தங்கச்சிக்குக் கிட்னி கிடைச்சிருச்சு. தங்கச்சியைத்தான் காணோம்.”

காலை எட்டு ஐம்பதுக்கு எங்கள் அலுவலகத்துக்குள் நுழைந்த அம்மாள் வணக்கம்கூட வைக்காமல் சொன்னது இது. கைக்கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் பிடித்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். ஒரு பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியை என்று பிறகுதான் சொன்னார். சொல்லாமலே தெரிந்தது; நான் என்னையறியாமல் எழுந்து நின்றிருந்தேன்.

நான் சோடா. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு, ஆனால் என் மூக்குக் கண்ணாடியின் தடிமனைப் பார்த்த பிறகு யாரும் அதைக் கேட்டதில்லை. என் முதலாளியம்மாவுக்கு ஊர் வைத்த பெயர் தராசு. இருபது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நசுங்கிய வண்டிகளை மதிப்பிட்டவர். எதையும் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்க்காமல் வாய் திறக்கமாட்டார். சம்பளத் தேதியில் அந்தக் குணம் எனக்குப் பிடிக்காது.

“உட்காருங்க,” என்றார் தராசு.

“உட்கார நேரமில்லைங்க. மூணரை மணிக்குள்ள அவ ஆஸ்பத்திரியில இருக்கணும். இல்லேன்னா வரிசையில அடுத்த ஆளுக்குப் போயிரும்.”

நின்றபடியே சொல்லி முடித்தார். தங்கைக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. மூன்று வருடமாகக் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறாள். இதற்கு முன் இரண்டு தடவை அழைப்பு வந்தது. இரண்டு தடவையும் உபரி ஆளாகத்தான். முதல் ஆளுக்குப் பொருந்தாமல் போனால் உனக்கு என்று சொல்லி வராந்தா நாற்காலியில் உட்கார வைத்தார்கள். இரண்டு தடவையும் முதல் ஆளுக்குப் பொருந்திவிட்டது. இவளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்றைக்கு இவள்தான் முதல் ஆள். காலை எட்டு இருபதுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அவள் போனுக்கு அழைத்திருக்கிறார்கள். எடுக்கவில்லை. இரண்டாவது எண்ணாகக் கொடுத்திருந்த அக்காவைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

“எங்கே போயிருக்காங்க?”

“கேரவன் ஒண்ணு வாடகைக்கு எடுத்துக்கிட்டு புருஷனும் பொண்டாட்டியும் நேத்துக் கிளம்பியிருக்காங்க. பக்கத்து வீட்டுல சொன்னாங்க. காட்டுக்கு நடுவுல ஏதோ சின்ன ஊராம். ரெண்டு வருஷமா அதே பேச்சு. நான் கூடவே கூடாதுன்னு சொல்லிட்டேன். அதான் என்கிட்ட சொல்லாமலே போயிட்டாங்க.”

“கேரவன்னா, சினிமாக்காரங்க மேக்கப் போடற வண்டியா?” என்றேன் நான்.

“அதேதான். படுக்கை, அடுப்பு, பாத்ரூம் எல்லாம் உள்ளேயே இருக்குமாம். அவளுக்கு வயித்துல குழாய் வெச்சிருக்கு. நாலு வேளை மருந்துத் தண்ணிப் பையை மாட்டி, உள்ள ஏத்தி இறக்கணும். ஓட்டல்ல தங்க பயம். அதனால வீட்டையே வண்டியில ஏத்திக்கிட்டுப் போறாராம் என் மாப்பிள்ளை.” கடிகாரத்தைப் பார்த்தார். “அவர் போன் தொடர்பு எல்லைக்கு வெளியேன்னு வருது. போலீஸ் ஸ்டேஷன்ல, புருஷன் பொண்டாட்டி டூர் போறது குத்தமில்லையேங்கறாங்க.”

தராசு கார்ச் சாவியை எடுத்தபோதுதான் விஷயம் எவ்வளவு மோசம் என்று எனக்கு உறைத்தது. அவர் வழக்கமாக முன்பணம் வாங்காமல் நாற்காலியை விட்டு எழுந்ததே இல்லை.

*

தங்கையின் கணவர் ஒரு டெய்லர். முன்னறை தையல் கடை, பின்னறைகள் வீடு. தலைமையாசிரியையிடம் ஒரு சாவி இருந்தது.

“மறுபடி அவங்களுக்குப் போன் போடுங்க,” என்றார் தராசு.

தலைமையாசிரியை போட்டார். மூன்று பேரும் மூச்சை அடக்கிக் கொண்டோம். தையல் மெஷினுக்குள்ளிருந்து வண்டு முனகுவது மாதிரி ஒரு சத்தம் வந்தது.

மெஷின் இழுப்பறையை இழுத்தேன். நூல்கண்டுகளுக்கு அடியில் ஒரு நீலத் துணிப்பை துடித்துக்கொண்டிருந்தது. போன் அதற்குள் இருந்தது. பைக்கு வாய் இல்லை. நாலு பக்கமும் தைத்து மூடியிருந்தது.

“மறந்து வெச்சுட்டுப் போயிருக்கான்னு நினைச்சேனே,” என்றார் தலைமையாசிரியை.

“மறந்து வைக்கறவங்க தையல் போட மாட்டாங்கம்மா,” என்றேன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

“மாப்பிள்ளை வேலைதான் இது. வேற யாருக்கு ஊசி பிடிக்கத் தெரியும்? ஊர் சுத்தற ஆசையில அவ உயிரோட விளையாடியிருக்காரு.”

தராசு பையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் தையலை ஓரத்துக்கு ஓரம் பார்த்தார். பிரிப்பார் என்று நினைத்தேன். பிரிக்காமல் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

“பயணத்துக்குத் திட்டம் போட்டவர் எங்கேயாவது எழுதி வெச்சிருப்பார். தேடு சோடா.”

வெட்டு மேசைமேல் அளவு நோட்டு கிடைத்தது. கழுத்து, தோள், மார்பு, உயரம் என்று பத்திகள் போட்ட, எல்லா டெய்லரிடமும் இருக்கும் நீள நோட்டு. கடைசிப் பக்கத்தில் வாடிக்கையாளர் பெயர் என்ற இடத்தில் ‘கேரவன்’ என்று எழுதியிருந்தது.

“மேடம், இவர் கேரவனுக்குச் சட்டை தைக்கப் போறார்,” என்றேன். “உயரம் பத்தே முக்கால் அடி, தொப்பியோட. தோள் ஏழு அடி. கழுத்து இருபத்திரண்டு அங்குலம்.”

“தொப்பின்னா?”

“கூரை மேல ஏசி மூடி. கழுத்துன்னா கதவு. பக்கத்துல குறிப்பு போட்டிருக்கார்.”

அதற்குக் கீழே எழுதியிருந்ததை வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தேன். போகப் போக என் குரல் தணிந்துவிட்டது. பை பன்னிரண்டு, ஒரு நாளைக்கு நாலு. பை மாட்டக் கொக்கி, அவள் படுத்தபடி கை எட்டும் உயரம். பிளக் பாயின்ட் கதவுக்கு இடப்பக்கம். தண்ணீர்த் தொட்டி பாதிதான் நிரப்பணும், ஏற்றத்தில் இழுக்காது. கடைசியில், நிழல் வேண்டாம், எல்லாரும் நிழல் தேடுவார்கள், இவளுக்கு வெயில் வேண்டும், அந்த வராந்தா ஏசியிலிருந்து வந்த பிறகு எப்போதும் குளிருகிறது.

மேலே ஐந்து தேதிகள் இருந்தன. நான்கை அடித்திருந்தார், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ‘ஆஸ்பத்திரி’ என்ற ஒரே வார்த்தை. ஐந்தாவது நேற்றைய தேதி. ஊர்ப் பெயர் எங்கேயும் இல்லை.

நோட்டின் அட்டையில் கேரவன்காரரின் எண் இருந்தது. தராசு ஒலிபெருக்கியைப் போட்டார்.

“எங்க போறாங்கன்னு சொல்லலீங்க,” என்றார் கேரவன்காரர். “மூணு நாள்னாரு. வண்டியை டேப் வெச்சு மூணு தடவை அளந்தாரு. எனக்கே அது வண்டியா, கல்யாண மாப்பிள்ளையான்னு சந்தேகம் வந்துருச்சு.”

“வண்டியில ஜிபிஎஸ்?”

“ரிப்பேருங்க. ஒரு ரோடு மேப் குடுத்தேன், பெட்ரோல் பங்க்ல விப்பாங்களே, அது. ஆனா ஒண்ணு, மேப்ல ஒரு கோடு விழக்கூடாதுன்னு கறாரா சொல்லிட்டேன். போன தடவை எடுத்தவர் பேனாவால கிறுக்கி நாறடிச்சுட்டார்.”

தராசு போனை வைத்துவிட்டு வெட்டு மேசையைத் தடவினார். மேசைமேல் கெட்டி அட்டை விரித்திருந்தது. அட்டை முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி புள்ளிகள். டெய்லர்கள் காகித அளவைத் துணிக்கு மாற்ற ஒரு முள் சக்கரம் உருட்டுவார்களே, அது அடியில் விட்டுப்போன ஓட்டைகள்.

“பேனா படக்கூடாது. அப்ப எதால வழி குறிப்பார்?” என்றார் தராசு.

“மேடம், இதுல ஆயிரம் கோடு இருக்கு. பத்து வருஷத்துச் சட்டை இருக்கு.”

“சட்டையில எந்தக் கோடும் சுத்தி வந்து ஆரம்பிச்ச இடத்துல சேரணும் சோடா. காலர், கை, பை எல்லாமே அப்படித்தான். சேராத கோடு எது?”

மூக்கு அட்டையில் உரச நான் தேடினேன். என் கண்ணாடி வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பூதக்கண்ணாடியின் கௌரவத்தை அடைந்தது. இருந்தது. நேராக மேலே போய், ஒரு இடத்தில் இடப்பக்கம் பிரிந்து, நெளிந்து நெளிந்து, எதனோடும் சேராமல் நின்றுபோன ஒரே ஒரு கோடு.

தராசின் காரிலும் அதே பங்க் மேப் இருந்தது. கோட்டின் மேல் விரித்து, நகரத்தில் ஒரு ஊசியும் கோடு முடிந்த இடத்தில் ஒரு ஊசியும் குத்தினோம். நெடுஞ்சாலை, முச்சந்தி, இடப்பக்கச் சாலை, கடைசியில் ஏரிக்கரையில் ஒரு சின்ன ஊர். சுற்றிலும் பச்சை.

“ஏரி ஊர்!” என்றேன்.

“ரோட்டோட சரியாப் பொருந்தலையே,” என்றார் தராசு. “நாலு வளைவுல புள்ளி ரோட்டை விட்டு வெளியே நிக்குது.”

“டெய்லர் இல்லையா மேடம், கொஞ்சம் லூஸ் விட்டிருப்பார்.”

தலைமையாசிரியை கடிகாரத்தை நீட்டினார். ஒன்பதே முக்கால். தராசு வாயை மூடிக்கொண்டு அட்டையைக் கத்தியால் வெட்டி எடுத்தார். இரண்டு பக்கமும் பார்க்கிறவர் அன்றைக்கு ஒரு பக்கத்தோடு கிளம்பினார், அதற்குக் காரணம் என் அவசரம்தான். இன்றுவரை அதை நினைத்தால் எனக்குச் சுருக்கென்கிறது.

*

முச்சந்திக்கு வர பதினொன்றே கால். அதுவரை தலைமையாசிரியை தங்கையின் எண்ணையும் மாப்பிள்ளையின் எண்ணையும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே வந்தார். முன்சீட்டில் கைப்பைக்குள் நீலப்பை முனகும், நின்றுபோகும், மறுபடி முனகும்.

“அது இங்கேதானே இருக்கு, அதுக்கு ஏம்மா போடறீங்க?” என்றேன் கடைசியில்.

“பழக்கம். தினம் பத்து தடவை போடுவேன். போனைக் கையிலேயே வெச்சிருக்காளான்னு சோதிக்கணுமே. ஸ்கூல்ல தீ மணி அடிச்சுப் பழக்கறதில்லையா, அந்த மாதிரி.”

தராசு கண்ணாடியில் அவரை ஒரு பார்வை பார்த்தார்.

இடப்பக்கச் சாலையில் கால் மணி நேரம் போனதும் ஒரு ரயில் பாலம் வந்தது. பாலத்துக்கு முன்னால் சாலையின் குறுக்கே மஞ்சள் இரும்புச் சட்டம் தொங்கியது. உயரம் மூன்று மீட்டர் என்று எழுதியிருந்தது. தராசு பிரேக்கை மிதித்த வேகத்தில் என் கண்ணாடி மடியில் விழுந்தது.

“மூணு மீட்டர்னா எத்தனை அடி சோடா?”

“பத்துக்குக் கொஞ்சம் கம்மி.”

“கேரவன்?”

“பத்தே முக்கால். தொப்பியோட.”

பாலத்தின் ஓரத்தில் தண்டவாள ஊழியர் ஒருவர் கொடிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார். இறங்கி ஓடினேன்.

“அண்ணே, நேத்து இந்தப் பக்கம் வீடு மாதிரி ஒரு பெரிய வண்டி வந்துச்சா?”

“வந்திருந்தா கூரை இங்கே கிடந்திருக்கும், வண்டி அங்கே போயிருக்கும். அப்படி எதுவும் கிடக்கலையே தம்பி.”

இன்னொரு நாளாக இருந்தால் அவரோடு உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். அன்றைக்குத் திரும்பி ஓடிவந்தேன். “தொப்பியை அளந்தவர் இந்த வழிக்கு வரமாட்டார் மேடம். நாம தப்பா வந்துட்டோம்.”

தலைமையாசிரியை சத்தமில்லாமல் அழ ஆரம்பித்தார். மாணவிகள் முன்னால் முப்பது வருடம் அழாதவர் என்று தெரிந்தது. அழத் தெரியவில்லை, முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. முழுக்கைச் சட்டையின் நுனியால் கண்ணைத் துடைத்தார். கை மடிப்பு பிரிந்து திரும்பியது.

“அப்படியே இருங்க,” என்றார் தராசு. பின்சீட்டுக்கு எட்டி அந்த மடிப்பைப் பிடித்தார். உள்ளே மங்கலாக ஒரு சாக்பீஸ் கோடு. “இந்தச் சட்டை யார் தைச்சது?”

“என் சட்டை எல்லாமே மாப்பிள்ளைதான். இப்ப இது எதுக்கு?”

“கோடு ஏன் உள்பக்கம் இருக்கு?”

“வெளிப்பக்கம் போட்டா துணி பாழாகாதா? எந்த டெய்லரும் முகப்புல கோடு போடமாட்டாங்க. திருப்பிப் போட்டுத்தான்...”

அவரே நிறுத்திவிட்டார்.

“மேப்ல ஒரு கோடு விழக்கூடாதுன்னு கேரவன்காரர் சொன்னார்,” என்றார் தராசு மெதுவாக. “இவர் கை பழக்கத்துல என்ன பண்ணும்? மேப்பைக் குப்புறப் போட்டு, பின்பக்கம் தெரியற ரோட்டு மேல சக்கரத்தை உருட்டும். நாம பார்த்தது இடவலம் மாறின கோடு. பன்னிரண்டு வயசுப் பொண்ணு கண்ணாடியில பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டியதை நான் விட்டுட்டேன்.”

நான் காரின் முன்மூடிமேல் அட்டையை வைத்து, மேப்பைக் குப்புறப் போட்டேன். கோடு முச்சந்தியில் வலப்பக்கச் சாலையோடு பிரிந்தது. வளைவுக்கு வளைவு, புள்ளிக்குப் புள்ளி ரோட்டின் மேல் உட்கார்ந்தது. டெய்லர் ஒரு நூல்கூட லூஸ் விடவில்லை.

“வலது! மலைக்கு மேல, காட்டாறு ஓரத்துல இருக்கற ஊர்!”

திரும்பி முச்சந்தியைத் தொடும்போது பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம். அங்கே தலைமையாசிரியையின் போன் அடித்தது. ஆஸ்பத்திரியின் மாற்றுச் சிகிச்சைப் பிரிவுப் பெண்.

“அடுத்த ஆள் வந்துட்டாங்கம்மா. வராந்தாவுல உட்கார வெச்சிருக்கோம். மூணரைக்கு மேல ஒரு நிமிஷம்கூட என் கையில இல்ல. வழியில எதுவும் சாப்பிடக் குடுத்துடாதீங்க.”

“வந்துருவா,” என்றார் தலைமையாசிரியை. “வந்துருவா. சத்தியமா வந்துருவா.”

தங்கை எங்கே இருக்கிறாள் என்று தெரியாமலேயே செய்த சத்தியம் அது. அதற்குப் பிறகு மலைச்சாலையில் சிக்னல் போய்விட்டது.

*

ஒரே தெருதான் அந்த ஊர். ஒரு தபால் பெட்டி, ஒரு மரக்கடை, பஸ் நிற்கும் ஒரு கொட்டகை, மீதியெல்லாம் மரங்கள். ஆற்றோரம் வண்டிகள் தங்கும் திடல் இருந்தது. போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டே முக்கால். பதினைந்து இருபது கேரவன்கள் மரங்களுக்கு அடியில் நின்றன. எல்லாம் வெள்ளை, எல்லாம் ஒரே மாதிரி.

“ஒவ்வொண்ணாத் தட்டுவோம்,” என்று தலைமையாசிரியை ஓடத் தொடங்கினார்.

“வேண்டாம்மா,” என்றேன். அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் கடவுள் எனக்கு இந்தக் கண்ணாடியைக் கொடுத்தார் போல. “எல்லாரும் நிழல் தேடுவாங்க. இவங்களுக்கு வெயில் வேணும்.”

திடலின் கடைசியில், மரமே இல்லாத இடத்தில், மொட்டை வெயிலில் ஒரு கேரவன் தனியாக நின்றது. வாசலில் மடக்கு நாற்காலியில் சால்வை போர்த்திய ஒரு பெண், மடியில் தட்டு, கையில் கரண்டி.

அந்த அக்கா மூன்று மணி நேரமாக மனசுக்குள் எத்தனையோ பேசி வைத்திருப்பார். வாயிலிருந்து வந்தது இதுதான்:

“வாயில வைக்காதேடீ!”

கரண்டி பாதியில் நின்றது. நான் ஓடிப்போய்த் தட்டைப் பிடுங்கினேன். முன்பின் தெரியாத பெண்ணின் சாப்பாட்டைப் பிடுங்கியது அதுதான் முதல் தடவை. கேரவனுக்குள்ளிருந்து கழுத்தில் டேப்போடு டெய்லர் வந்தார். சுற்றுலாவிலும் டேப்.

“அண்ணி? என்னாச்சு?”

“கிட்னி கிடைச்சிருச்சு. முதல் ஆள் இவதான். மூணரைக்குள்ள போகணும். நீங்க போனைத் தைச்சு வெச்சுட்டு வந்துட்டீங்களே மாப்பிள்ளை, உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?”

“போனா? போன் இவகிட்ட இருக்கே. என்னோடதுக்கு இங்கே டவர் இல்ல, அவளோடதுல எடுக்குதுன்னு அவதானே சொன்னா?”

தராசு கைப்பையைத் திறந்து நீலப்பையை அவர் கையில் வைத்தார். “நீங்களே பார்த்துச் சொல்லுங்க.”

டெய்லர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு டெய்லர் தையலைப் படிப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். விரல் ஒவ்வொரு தையலாக நகர்ந்தது. மூலையில் வந்து நின்றது.

“இது என் தையல் இல்லைங்க,” என்றார். “மெஷின் தையலே இல்ல. கையால போட்டது. கோணல். ஒவ்வொரு மூலையிலயும் ரெண்டு ரெண்டு முடிச்சு.” மனைவியைப் பார்த்தார். “ரெண்டு முடிச்சு போடறது நீதானே?”

வீட்டிலேயே தராசுக்கு இது தெரிந்திருக்கிறது. தெரிந்தும், வழியெல்லாம் அந்த அக்காவிடம் சொல்லவில்லை.

தங்கை சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். “நான்தான் தைச்சேன்.”

“ஏண்டீ?”

“அது அடிக்குதுக்கா.” குரல் கோபமாக இல்லை. களைத்துப்போயிருந்தது. “ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் கிட்னி வந்துருச்சுன்னு தூக்கிவாரிப் போடும். எழுந்து ஓடி எடுப்பேன். நீ இருப்பே. ‘ஒண்ணுமில்ல, சும்மா பார்த்தேன்’னு வைப்பே. ஒரு நாளைக்குப் பத்து தடவை. மூணு வருஷம். கணக்குப் போட்டுக்கோ, எத்தனை தடவை எனக்குக் கிட்னி வந்து வந்து போயிருக்குன்னு.”

தலைமையாசிரியை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“மூணே மூணு நாள் சத்தமில்லாம இருக்கணும்னு நினைச்சேன். மூணு நாள்ல என்ன வந்துடப்போகுதுன்னு நினைச்சேன்.” கணவரைப் பார்த்தாள். “உங்ககிட்டப் பொய் சொல்லிட்டேன்.”

“வந்திருச்சே,” என்றார் டெய்லர். “எழுந்திரு.”

“மறுபடி அந்த நாற்காலியில உட்கார வெச்சுத் திருப்பி அனுப்பினா? என்னால முடியாதுங்க. ரெண்டு தடவை முடிஞ்சுது. மூணாவது தடவை முடியாது.”

மணி ஒன்று. தராசுதான் பேசினார்.

“திருப்பி அனுப்ப மாட்டாங்கன்னு என்னால சொல்ல முடியாதும்மா. எனக்குத் தெரியாது. இப்பக் கிளம்பினா மூணு இருபத்தஞ்சு. அது மட்டும்தான் தெரியும்.”

டெய்லர் சட்டைப்பையிலிருந்து தையல் பிரிக்கும் சிறு முள்கத்தியை எடுத்தார். நீலப்பையையும் அதையும் மனைவியின் மடியில் வைத்தார்.

“நீ போட்ட தையல். பிரிக்கறதா வேண்டாமான்னு நீயே பார்த்துக்க. ஆனா கார்ல உட்கார்ந்து பாரு.”

அவள் ரொம்ப நேரம் அவரைப் பார்த்தாள் என்று எனக்குத் தோன்றியது. கடிகாரப்படி ஒரு நிமிடம்கூட இல்லை. பிறகு எழுந்தாள்.

*

தராசின் சின்னக் காரில் ஐந்து பேர். கேரவனை ஆற்றங்கரை வெயிலில் பூட்டிவிட்டு வந்தோம். மலைச்சாலையில் தராசு ஓட்டிய விதத்தை இன்சூரன்ஸ் கம்பெனி பார்த்திருந்தால் பென்ஷனை நிறுத்தியிருக்கும்.

பின்சீட்டின் நடுவில் தங்கை தையலைப் பிரித்துக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு வளைவிலும் கை நின்றது, பிறகு தொடர்ந்தது. ஒரு மூலை, இரண்டு முடிச்சு. இரண்டாவது மூலை. அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, தன் போனை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்திருந்தார்.

முச்சந்தியில் சிக்னல் வந்தது. மணி இரண்டு ஐந்து. பை திறந்துகொண்டது. அந்த விநாடியில் போன் அதிர்ந்தது. தங்கை தூக்கிவாரிப் போட்டு அக்காவைப் பார்த்தாள்.

“நான் இல்லடீ,” என்று அக்கா தன் போனைத் தூக்கிக் காட்டினார். “சத்தியமா நான் இல்ல.”

தங்கை எடுத்தாள். ஆஸ்பத்திரிப் பெண்ணின் குரல் முன்சீட்டுவரை கேட்டது.

“எங்கம்மா இருக்கீங்க? இங்க டாக்டர் கேட்டுட்டே இருக்கார்.”

“வந்துக்கிட்டிருக்கேன்.” பிரித்த நூலை விரலில் சுற்றினாள். “அந்த நாற்காலியில யாராவது உட்கார்ந்திருக்காங்களா?”

“அதெல்லாம் நான் சொல்லக்கூடாதும்மா.”

“பேரெல்லாம் வேண்டாம். அவங்களுக்கு ஒரு போர்வை குடுங்க. நேரா மேல ஏசி இருக்கு. உட்கார உட்காரக் குளிரும். கேட்டா போர்வை குடுப்பாங்கன்னு யாருக்கும் தெரியாது.”

“சரிம்மா,” என்றது குரல். “சீக்கிரம் வாங்க.”

நகருக்குள் சிக்னல் விளக்குகள் எல்லாமே எங்களுக்கு எதிரியாக இருந்தன. கடைசித் திருப்பத்தில் ஒரு லாரி குறுக்கே நிற்க, டெய்லர் மனைவியைக் கையைப் பிடித்து இறக்கி நடத்தினார். நாங்கள் பின்னால் ஓடினோம். லிஃப்ட், இடப்பக்கம், நீள வராந்தா. சுவரில் மணி மூன்று இருபத்தேழு.

வராந்தாவின் நடுவில் ஒரே ஒரு நாற்காலி. அதில் முப்பது வயதுகூட இருக்காத ஒரு பெண் பச்சைப் போர்வையைக் கழுத்துவரை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எங்கள் காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். யார் வந்திருப்பது, இனி தனக்கு என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அது அவள் முகத்திலேயே நடந்து முடிந்தது.

தங்கை அவள் முன்னால் நின்றுவிட்டாள். மூன்று வருடமாகக் காத்திருந்த இடத்துக்கு வந்து சேர்ந்த பிறகு கால் நகரவில்லை.

அந்தப் பெண் எழுந்து தங்கையின் தோளில் ஒரு கையை வைத்துக் கதவுப் பக்கம் திருப்பிவிட்டாள்.

“நின்னுக்கிட்டிருக்கீங்களே, போங்க,” என்றாள். “மூணு நிமிஷம்தான் இருக்கு.”

கதவு திறந்தது, தங்கை உள்ளே போனாள், கதவு மூடியது.

அந்தப் பெண் மறுபடி உட்கார்ந்தாள். அழைத்துக்கொண்டு போக யாரோ வரவேண்டும் போலிருந்தது. தலைமையாசிரியை தன் போனை அணைத்துக் கைப்பையின் அடியில் போட்டார். பிறகு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, நழுவியிருந்த போர்வை நுனியை எடுத்து அவள் காலைச் சுற்றிச் செருகிவிட்டார்.